குழாய்களால் ஒரு பச்சைவீட்டுச் சட்டகம்: யாழ்ப்பாணத்துக் காற்றுக்கு ஏற்றபடி

பச்சைவீடு என்றதும், குளிர் நாடுகளில் பயிருக்குச் சூடு சேர்ப்பதற்காகக் கட்டப்படும் கண்ணாடி வீடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் சூட்டுக்குக் குறைவில்லை. இங்கே தோட்டம் செய்பவர் பச்சைவீட்டை நாடுவது வேறு தேவைகளுக்காக: ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடித்துப் பெய்யும் மழையிலிருந்து நாற்றையும் பூவையும் காப்பதற்கு, மிளகாயில் இலைச்சுருளுக்குக் காரணமாகும் வெண் ஈயையும் பனிப்பூச்சியையும் வலைக்கு வெளியே நிறுத்துவதற்கு, திறந்த தோட்டங்களில் தண்ணீர் நிற்கும் நாட்களிலும் சந்தைக்குத் தக்காளியோ கறிமிளகாயோ கொடுப்பதற்கு. தேவை மாறும்போது சட்டகமும் மாற வேண்டும். குளிர் நாட்டுப் படங்களில் காணும் தாழ்ந்த, மூடுண்ட வடிவத்தை அப்படியே இங்கே எழுப்பினால், சித்திரை மாத நண்பகலில் அதற்குள்ளே செடியும் நிற்க முடியாது, மனிதரும் நிற்க முடியாது.

இரும்புக் குழாய்களைக் கொண்டு இங்குள்ள நிலைமைக்குப் பொருத்தமான ஒரு சட்டகத்தை அமைப்பதன் அடிப்படைகளை, இதற்கு முன் குழாயோ வாளோ கையில் எடுத்திராத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணக்குகளுக்காக 6 மீற்றர் அகலமும் 12 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் தரை 72 சதுர மீற்றர். நம்முடைய காணிக் கணக்கில் ஒரு பரப்பின் நாலில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடியது.

கூரையை மேலே போகவிடாமல் பிடிப்பது

சட்டகம் எதற்கு என்று கேட்டால், கூரையைத் தாங்குவதற்கு என்றே பெரும்பாலானோர் சொல்வார்கள். ஓட்டு வீட்டுக்கு அந்தப் பதில் பொருந்தும். ஓடும் சிலாகையும் கைமரமும் தம் எடையாலேயே கூரையை இருந்த இடத்தில் இருத்திவிடும். பொலித்தீன் கூரைக்கு அந்த எடை இல்லை. 200 மைக்கிரோன் தடிப்புள்ள பொலித்தீன் ஒரு சதுர மீற்றருக்கு 200 கிராமும் வராது. நாம் எடுத்துக்கொண்ட வீட்டின் கூரைத்தாள் முழுவதையும் சுருட்டினால் ஓர் ஆள் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். எனவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி, காற்று எழும்போது இந்தக் கூரையை எது நிலத்தோடு பிடித்து வைக்கும் என்பதாகும். பெருங்காற்றில் விரித்த குடை கையை விட்டுப் பறக்கப் பார்ப்பதைப் போல, கூரைக்கு மேலாக விரைந்து ஓடும் காற்று மேற்புறத்து அழுத்தத்தைக் குறைத்துக் கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. கதவோ பக்கமோ திறந்திருந்தால் உள்ளே நுழைந்த காற்றும் கீழிருந்து தள்ளுகிறது.

இதன் அளவை எவரும் கணக்கிடலாம். காற்றின் வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று எடுத்து, அதை வர்க்கமாக்கி, 0.613 ஆல் பெருக்கினால் அழுத்தம் பஸ்காலில் கிடைக்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 170 பஸ்கால். ஒரு சதுர மீற்றருக்கு 17 கிலோகிராம் சுமை வைத்ததற்குச் சமம். மணிக்கு 100 கிலோமீற்றரில் 48 கிலோகிராம், 120 கிலோமீற்றரில் 69 கிலோகிராம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது என்பதை இந்த எண்களிலேயே காணலாம். 100 கிலோமீற்றர்க் காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஆறு பங்கு மட்டும் மேல்நோக்கி இழுப்பதாகக் கொண்டாலும், 72 சதுர மீற்றருக்கு அது 2 தொன்னைத் தாண்டுகிறது. பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு தாளை 2 தொன் விசை மேலே இழுக்கும்போது அதற்கு எதிராக நிற்பதற்கே குழாயும் கொங்கிறீற்றும் வேண்டியிருக்கின்றன.

குடாநாட்டில் இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் நாள்தோறும் வீசுகிறது. ஐப்பசிக்குப் பின் காற்று வடகிழக்குக்குத் திரும்பி மழையையும், சில ஆண்டுகளில் புயலையும் கொண்டு வருகிறது. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி ஆகியவற்றின்போது வட மாகாணம் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆண்டின் ஒரு பாதியில் ஒரு திசையிலிருந்தும் மறு பாதியில் அதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்தும் காற்றை வாங்கும் ஒரு சட்டகத்துக்கு, ஒரு பக்கத்தை மட்டும் பலப்படுத்துவது பயன் தராது.

குழாயைத் தேர்ந்தெடுத்தல்

உருட்டுக் கம்பியை விடக் குழாய் ஏன் சிறந்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வெளிவிட்டம் 48.3 மில்லிமீற்றரும் சுவர்த் தடிப்பு 2 மில்லிமீற்றரும் உள்ள குழாயில் இருக்கும் அதே அளவு இரும்பை உருக்கி, உள்ளே துளையில்லாத கம்பியாக வார்த்தால், அதன் விட்டம் 19 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். வளைவதை எதிர்ப்பதில் குழாய் அந்தக் கம்பியை விட 11 மடங்குக்கும் மேல் விறைப்பானது. ஒரு தண்டு வளையும்போது நடுவிலுள்ள பொருள் அதிகம் உழைப்பதில்லை. வெளி விளிம்பில் உள்ளதே இழுவையையும் அமுக்கத்தையும் ஏற்கிறது. குழாயில் எல்லாப் பொருளும் விளிம்பில் இருப்பதனால், அதே எடையிலும் ஏறத்தாழ அதே விலையிலும் நமக்குக் கூடுதல் விறைப்புக் கிடைக்கிறது.

கடையில் ‘ஒன்றரை அங்குலக் குழாய்’ என்று கேட்டு வாங்குவது பெயரளவான அளவு. அதன் வெளிவிட்டம் 38 மில்லிமீற்றர் அன்று, மேலே சொன்ன 48.3 மில்லிமீற்றர். அவ்வாறே ‘ஓர் அங்குலக் குழாய்’ வெளியே 33.7 மில்லிமீற்றர் இருக்கும். கவ்விகளையும் பொருத்துகளையும் வாங்குமுன் குழாயின் வெளிவிட்டத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்துகொள்வது நல்லது. வெளிவிட்டத்தை விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது சுவர்த் தடிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் 2 மில்லிமீற்றர்க் குழாயும் 1.5 மில்லிமீற்றர்க் குழாயும் ஒன்றுபோலவே தெரியும். எடையில் மறைக்க முடியாது. 6 மீற்றர் நீளமான ஒன்றரை அங்குலக் குழாய், சுவர் 2 மில்லிமீற்றரானால் 13.7 கிலோகிராமும், 1.5 மில்லிமீற்றரானால் 10.4 கிலோகிராமும் இருக்கும். கடையில் தராசு இருந்தால் ஒரு குழாயை நிறுத்துப் பார்க்கும்படி கேட்பதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை.

நம்முடைய எடுத்துக்காட்டு வீட்டுக்குத் தூண்கள், கூரைச் சரிவைத் தாங்கும் கைமரங்கள், எதிரெதிர்த் தூண்களின் தலைகளைக் கிடையாக இணைக்கும் தீராந்திகள் ஆகியவற்றை 2 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள ஒன்றரை அங்குலக் குழாயாலும், நீளவாக்கில் ஓடும் வளைகளை ஓர் அங்குலக் குழாயாலும் அமைக்கலாம். பொக்ஸ் பார் எனப்படும் சதுரக் குழாயும் இதற்கு உகந்ததே. அதன் தட்டையான முகத்தில் துளையிடுவது எளிது. ஆனால் வெல்டிங் பட்டறைகளுக்கு வரும் பொக்ஸ் பாரில் கறுப்பு இரும்பும் உண்டு, நாகம் (துத்தநாகம்) பூசியதும் உண்டு. கறுப்பு இரும்பைக் கடற்காற்றில் வைத்துவிட்டுப் பூச்சை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பீ.வி.சி. குழாயால் வில் வளைத்துச் சிறு நாற்றுமேடைகளை மூடுவோரும் உள்ளனர். முழங்கால் உயரத்துக்கு அது போதும். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட அமைப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அது வெயிலில் இளகித் தொய்வதோடு, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொலித்தீனின் ஆயுளையும் குறைக்கிறது.

வடிவம்: வில்லா, இரு சரிவா?

குழாய்ச் சட்டகத்தில் இரு வடிவங்கள் வழக்கில் உள்ளன. வில் வடிவம் காற்றை வழுக்கிவிடுவதில் சிறந்தது, மூட்டுகளும் குறைவு. 5 மீற்றர் அகலத்துக்கு மேலாக 1.4 மீற்றர் உயர்ந்த வில்லொன்றை 6 மீற்றர்க் குழாய் ஒன்று வெட்டோ ஒட்டோ இல்லாமல் நிரப்பிவிடும்; அந்த வில்லின் ஆரை 2.93 மீற்றர். சீமெந்துத் தரையில் வட்டத்தின் ஒரு பகுதியைக் கீறி, கோட்டின் வழியே முளைகளை இறுக்கி, குழாயை அவற்றின் மேல் மெதுவாக வளைத்தெடுக்கலாம். வளைத்த குழாய் கையை விட்டதும் சற்று மீளும் என்பதால், முளைகளை வேண்டிய ஆரையை விடச் சிறிய ஆரையில் அடிக்க வேண்டும். எவ்வளவு சிறிதாக என்பதை ஒரு பழைய குழாயை வளைத்துப் பார்த்தே அறிய முடியும்.

ஆயினும் முதன்முதலில் கட்டுபவருக்கு, அதுவும் யாழ்ப்பாணத்தில், நேர்க் குழாய்களாலான இரு சரிவுக் கூரையையே நான் சொல்வேன். அதற்கான முதன்மைக் காரணம், சூட்டை வெளியேற்றும் முகட்டுத் திறப்பை இரு சரிவுக் கூரையில் எளிதாக அமைக்கலாம் என்பது. இன்னொன்று, நம் வீட்டுக் கூரையை அறிந்த எவருக்கும் அதன் உறுப்புகள் புதியவை அல்ல: தூண், தீராந்தி, கைமரம், முகட்டு வளை.

அளவுகளைப் பார்ப்போம். பக்கத் தூண்கள் நிலத்துக்கு மேல் 3 மீற்றர், முகடு 4.5 மீற்றர். 3 மீற்றர் கிடைத் தூரத்துக்கு 1.5 மீற்றர் ஏற்றம் என்பது ஏறத்தாழ 27 பாகைச் சரிவு. மழைநீர் தேங்காமல் ஓடுவதற்கு இது போதும். கைமரம் ஒவ்வொன்றும் 3.35 மீற்றர், தூண் நிலத்துக்குள் போகும் பகுதியையும் சேர்த்து 3.5 மீற்றர், தீராந்திக்கு 6 மீற்றர் முழுக்குழாய் வெட்டாமலே சரி. இரு தூண்களும் அவற்றின் மேலுள்ள தீராந்தியும் கைமரங்களும் சேர்ந்தது ஒரு சட்டம்; 2 மீற்றருக்கு ஒரு சட்டமாக 12 மீற்றர் நீளத்துக்கு ஏழு சட்டங்கள், பதினான்கு தூண்கள். தூணும் கைமரமும் வெட்டியபின் மிஞ்சும் இரண்டரை மீற்றர்த் துண்டுகளை எறிந்துவிட வேண்டாம், அவற்றுக்கு முக்கியமான வேலை இருக்கிறது.

நான்கு குழாய்களை நான்கு மூலையிலும் ஓர் ஆணியால் இணைத்துச் செவ்வகமாக நிறுத்தினால், ஒரு விரலால் தள்ளினாலும் அது சரிந்து இணைகரமாகிவிடும். மூன்று குழாய்களை இணைத்த முக்கோணம் அவ்வாறு சரிவதற்கு வழியே இல்லை; சரிய வேண்டுமானால் ஏதேனுமொரு குழாய் நீளவோ குறுகவோ வேண்டும். சட்டகத்தில் முக்கோணங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே அதன் உறுதியைப் பெரும்பாலும் மதிப்பிட்டுவிடலாம். மிஞ்சிய துண்டுகளைத் தூணிலிருந்து கைமரத்துக்குச் சாய்வாகப் பொருத்தி ஒவ்வொரு சட்டத்தின் தோளையும் முக்கோணமாக்க வேண்டும். நீளவாக்கில், இரு அந்தங்களிலும் உள்ள முதல் இரண்டு தூண்களுக்கிடையே, ஒன்றின் அடியிலிருந்து மற்றதன் தலைக்கு மூலைவிட்டமாக ஒரு குழாய் போட வேண்டும்; 2 மீற்றர் இடைவெளிக்கும் 3 மீற்றர் உயரத்துக்கும் அதன் நீளம் 3.6 மீற்றர். பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றோ, தள்ளுவண்டி போக வழி வேண்டும் என்றோ இந்தக் குழாயைத்தான் பலர் முதலில் விட்டுவிடுகிறார்கள். வழி வேண்டுமானால் நடுவில் விடலாம். அந்தங்களில் விடக் கூடாது.

தக்காளியையும் சலட் வெள்ளரியையும் நூலில் தொங்கவிட்டு வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொங்கும் பயிரின் சுமையை ஒரு சதுர மீற்றருக்கு 15 கிலோகிராம் என்று கொள்வது வடிவமைப்பாளர் வழக்கம். 2 மீற்றருக்கு 6 மீற்றர் பரப்பின் பயிரைத் தாங்கும் ஒரு தீராந்திக்கு அது 180 கிலோகிராம். நடுவில் எந்தப் பிடிப்புமில்லாத 6 மீற்றர்க் குழாய் அந்தச் சுமையில் வளைந்து போகும். தீராந்தியின் நடுவிலிருந்து முகட்டுக்கு ஒரு செங்குத்துக் குழாயைக் கொடுத்தால் தீராந்தி இரண்டு 3 மீற்றர்த் துண்டுகளைப் போல வேலை செய்யும், சுமையின் பாதி கைமரங்களின் வழியே தூண்களுக்கு இறங்கிவிடும். இந்த ஒன்றரை மீற்றர்க் குழாய்க்குச் செலவு மிகச் சிறிது.

அத்திவாரம்

மேலே கணக்கிட்ட 2 தொன் இழுவை இறுதியில் பதினான்கு தூண்களின் அடியிலேயே வந்து சேர்கிறது. நான்கு மூலைத் தூண்களைத் தவிர்ந்த மற்றத் தூண் ஒவ்வொன்றுக்கும் அது ஏறத்தாழ 173 கிலோகிராம். கொங்கிறீற்று ஒரு கன மீற்றருக்கு 2400 கிலோகிராம் என்பதால், 35 சென்ரிமீற்றர்ச் சதுரமும் 60 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட குழியை நிரப்பினால் 176 கிலோகிராம் கிடைக்கும். மண்ணின் பிடிப்பும் சட்டகத்தின் சொந்த எடையும் இதற்கு மேலதிகம். அவற்றைப் பாதுகாப்புக்கென விட்டுவைப்பதே முறை. குழியின் வாயை விட அடியை அகலமாகத் தோண்டினால், கொங்கிறீற்று மேலெழும்பும்போது சுற்றியுள்ள மண்ணையும் தூக்கியாக வேண்டியிருப்பதால் அதே சீமெந்துக்கு இன்னும் கூடிய பிடிப்புக் கிடைக்கும்.

மண் இடத்துக்கிடம் மாறும். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் குழி நன்றாக நிற்கும், மண்ணும் இறுக்கிப் பிடிக்கும். பல இடங்களில் இரண்டடி போகுமுன்னே சுண்ணாம்புக்கல் தட்டும். அலவாங்கு கல்லில் மோதியதும் அத்தோடு போதும் என்று ஆழத்தைக் குறைத்துவிடக் கூடாது; கல்லின் மேல் வெறுமனே இருத்திய கொங்கிறீற்றைக் கல் கீழே போகவிடாமல் தாங்குமேயன்றி மேலே போகவிடாமல் பிடிக்காது. கல்லில் துளையிட்டு, முறுக்குக் கம்பித் துண்டுகளைச் சீமெந்துச் சாந்தோடு இறுக்கி, அவற்றின் மேல் கொங்கிறீற்றை வார்த்தால் கல்லே நங்கூரமாகிவிடும். தென்மராட்சியிலும் வடமராட்சி கிழக்கிலும் உள்ள மணல் நிலங்களில் மண்ணின் பிடிப்பை நம்ப முடியாது. அங்கே கொங்கிறீற்றின் எடை ஒன்றே கணக்கு, ஆகவே குழியைப் பெரிதாக்க வேண்டும்.

ஒரு தூணின் அடியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். குழாயின் கீழ்முனையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருபுறமும் துளையிட்டு, 10 மில்லிமீற்றர்க் கம்பித் துண்டொன்றைக் குறுக்கே செருக வேண்டும். இந்தக் கம்பி இல்லாவிட்டால் வழுவழுப்பான குழாய், கொங்கிறீற்றுக் கட்டியைக் குழியிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் உருவிக்கொண்டு வர இடமுண்டு. குழியின் அடியில் சிறிது சல்லியைப் போட்டு, குழாயை அதன் மேல் நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, இரு திசையிலும் கட்டை கொடுத்தபின் சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு என்ற விகிதத்தில் குழைத்த கலவையை இட்டுக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். கடற்கரை மணலைப் பயன்படுத்தவே கூடாது, அதிலுள்ள உப்பு இரும்பை உள்ளிருந்தே தின்னும். இறுதியாக, கொங்கிறீற்றின் மேற்பரப்பை நிலமட்டத்துக்கு நான்கு விரல் உயர்த்தி, குழாயிலிருந்து நாற்புறமும் சரியும்படி சாந்தகப்பையால் தேய்த்துவிட வேண்டும். குழாய் கொங்கிறீற்றைச் சந்திக்கும் அந்த வளையத்தில்தான் மழைநீரும் உரநீரும் தேங்கி, வேறெங்கும் துரு தொடங்குமுன்னே அங்கே தொடங்கும். ஒரு வாரம் சாக்குப் போட்டு நனைத்து வைத்தால் கொங்கிறீற்று நன்றாக இறுகும். அதற்கு முன் பொலித்தீனை ஏற்றக் கூடாது.

குழிகளை வெட்டுமுன் கயிறு பிடித்து நான்கு மூலைகளையும் குறித்தபின், இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். 6 மீற்றருக்கு 12 மீற்றர் செவ்வகத்தில் இரண்டும் 13 மீற்றர் 42 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் மூலைகள் நேரில்லை. அதை இப்போது திருத்துவது ஒரு நிமிட வேலை, பொலித்தீன் போடும்போது திருத்தவே முடியாது.

மூட்டும் துருவும்

குடாநாட்டில் கடலுக்கோ கடனீரேரிக்கோ வெகு தொலைவான இடம் என்று எதுவுமில்லை. உப்பைச் சுமந்து வரும் காற்றில் இரும்பைக் காப்பது நாகப் பூச்சு. அது வெறும் மறைப்பாக நில்லாமல், இரும்பை முந்திக்கொண்டு தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. அதனால்தான் பூச்சில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் அக்கம்பக்கத்து நாகம் அந்த இடத்தைச் சில காலம் காப்பாற்றுகிறது. ஆனால் வெல்டிங் செய்யும் இடத்தில் அந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடுகிறது. இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1500 பாகை செல்சியஸ் வேண்டும்; நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஒட்டின் இருபுறமும் ஒரு விரல் அகலத்துக்குப் பூச்சு வெண்புகையாகப் போய், வெறும் இரும்பு எஞ்சும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் உண்டாகும். நாகம் பூசிய குழாயைக் காற்றோட்டமில்லாத பட்டறைக்குள் ஒட்டுவதை அனுமதிக்கக் கூடாது.

ஆகவே இயன்ற மூட்டுகளையெல்லாம் கவ்வியாலும் சுரையாணியாலும் (போல்ட், நட்) பொருத்துவதே நல்லது. அவ்வாறு பொருத்தியதைக் கழற்றலாம், இடம் மாற்றலாம், பழுதான ஒரு குழாயை மட்டும் மாற்றலாம். சுரையாணியும் நாகம் பூசியதாக இருக்க வேண்டும். காற்றில் அதிரும் அமைப்பில் சுரை தளராதிருக்க வில் வொசரோ இரண்டாவது சுரையோ வேண்டும். ஒட்டியே ஆக வேண்டிய இடங்களில், ஒட்டின் மேலுள்ள கசடைத் தட்டி எடுத்து, கம்பித் தூரிகையால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, அன்றைக்கே நாகம் மிகுந்த பூச்சை இரு முறை பூச வேண்டும். சாதாரண வெள்ளிநிறப் பூச்சு பார்வைக்கு அதைப் போலவே இருக்கும், ஆனால் அந்த வேலையைச் செய்யாது. குழாய்களின் திறந்த மேல்முனைகளை மூடியால் அடைக்கவும் வேண்டும், இல்லையேல் மழைநீர் உள்ளே இறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டிருக்கும்.

முகட்டுத் திறப்பு

சூடேறிய காற்று மேலே போகும். அது வெளியேறுவதற்கு உச்சியில் வாய் இல்லாவிட்டால் கூரையின் கீழேயே தங்கிவிடும். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும்போது தக்காளியின் மகரந்தம் பழுதடைந்து பூக்கள் காய்க்காமலே உதிரும் என்பதால், இங்கே முகட்டுத் திறப்பு விளைச்சலையே தீர்மானிக்கும் உறுப்பு. பக்கங்களில் பூச்சி வலை கட்டினால் காற்றோட்டம் வெகுவாகக் குறையும், அப்போது முகட்டுத் திறப்பின் தேவை இன்னும் கூடுகிறது.

அதை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதில் நம் பிரதேசத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாகத் திறப்பை வைத்தால், மேலே ஓடும் காற்று உள்ளேயிருக்கும் சூட்டை உறிஞ்சி எடுக்கும். வெயில் காலத்தில் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் திறப்பு வடகிழக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் ஐப்பசி மழை அதே வடகிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது அந்த வாய் வழியே சாரல் பயிரின் மேல் விழும். ஒரு பக்கத் திறப்பு எப்படி வைத்தாலும் ஒரு பருவத்தில் நமக்கு எதிராகவே வேலை செய்யும்.

இதற்கு எனக்குச் சரியாகப்படும் தீர்வு, முகட்டின் மேல் உயர்த்திய சிறு கூரை. முகட்டின் இருபுறமும் பொலித்தீனை 40 சென்ரிமீற்றர் கீழேயே நிறுத்திவிட்டு, அந்த இடைவெளிக்கு 50 சென்ரிமீற்றர் மேலே, 1.8 மீற்றர் அகலமான இன்னொரு சரிவை எழுப்ப வேண்டும். அது இடைவெளியின் இருபுறமும் 50 சென்ரிமீற்றர் தாண்டி நீண்டு நிற்பதால் சாரலைப் பெரும்பாலும் தடுக்கும், காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் மறுபுறத்தால் சூடு வெளியேறும். இருபுறமும் 50 சென்ரிமீற்றர் உயரமுள்ள வாய் 12 மீற்றர் நீளத்துக்கு ஓடினால் 12 சதுர மீற்றர். அது தரைப் பரப்பின் ஆறில் ஒரு பங்கு. இந்தச் சிறு கூரை வீட்டின் மிக உயரமான இடத்தில் முழுக் காற்றையும் வாங்கி நிற்பதால், அதன் குறுங்கால்கள் ஒவ்வொன்றையும் கைமரத்தோடு இரண்டு சுரையாணிகளால் பிணைக்க வேண்டும்.

வீட்டின் முகடு எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதும் இதோடு தொடர்புடையது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9 பாகை 40 கலை வட அகலக்கோட்டில், வெயில் உச்சிக்கு அருகாக வரும் இடத்தில் இருப்பதால், வெளிச்சத்தைப் பொறுத்தவரை திசை பெரிய வேறுபாட்டைத் தராது. காற்றுத்தான் தீர்மானிக்கும். மறைப்பில்லாத வெட்டைவெளியில் முகட்டைத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடவிட்டு, குறுகிய முகத்தைக் காற்றுக்குக் காட்ட வேண்டும். பனையும் பூவரசும் கிளுவை வேலியும் சூழ்ந்த வீட்டு வளவில் காற்று ஏற்கெனவே தணிந்திருக்கும். அங்கே நீளப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டினால் உள்ளே காற்றோட்டம் நன்றாக இருக்கும்.

பொலித்தீன் ஏற்றுதல்

பொலித்தீனை ஏற்றுவதற்கு மாசி, பங்குனி மாதங்களில், காற்று விழுந்திருக்கும் காலை வேளை நல்லது. மழை ஓய்ந்திருக்கும், சோளகமும் தொடங்கியிராது. வெயிலில் குழாய் கொதிக்கும்போது அதைத் தொடும் பொலித்தீன் அந்தக் கோட்டிலேயே முதலில் நைந்து கிழிகிறது. இதைத் தடுக்க, தாள் படியும் குழாய்களின் மேற்புறத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கலாம் அல்லது வெள்ளைத் துணி நாடாவைச் சுற்றலாம். தாளை ஆணியாலோ கட்டுக்கம்பியாலோ துளைக்காமல், நாகம் பூசிய தவாளிப்புப் பட்டிகளைக் குழாயில் பொருத்தி, அவற்றுக்குள் தாளை வைத்து வளைவுக் கம்பியால் அழுத்தினால் இழுவை எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். தாள் பறை போல இறுகியிருக்க வேண்டியதில்லை, ஆனால் காற்றில் படபடக்கக் கூடாது. படபடக்கும் தாள் ஒரு சோளகத்தைத் தாண்டாது. தொய்ந்த இடத்தில் மழைநீர் தேங்கினால், ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு சதுர மீற்றரில் 10 கிலோகிராம் சேர்ந்து தொய்வை மேலும் ஆழமாக்கும். இதனால் கைமரத்தின் நடுவே ஒரு வளை ஓடுவது அவசியம்.

இரு பக்கமும் பீலி பொருத்தினால், 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் நாளில் அந்தக் கூரையிலிருந்து 7200 லீற்றர் வரை தண்ணீர் பிடிக்கலாம். சுண்ணாம்பு மிகுந்த நம் கிணற்று நீர் சொட்டு நீர்ப்பாசனத்தின் துளைகளை அடைத்துவிடுகிறது. மழைநீருக்கு அந்தக் குறை இல்லை என்பதால் தொட்டி கட்டும் செலவு வீண்போகாது.

சோளகம் தொடங்குமுன் ஒரு முறையும் மாரி தொடங்குமுன் ஒரு முறையும் எல்லாச் சுரைகளையும் சாவி போட்டு இறுக்கி, தூண்களின் அடியையும் ஒட்டு மூட்டுகளையும் கையால் தடவிப் பார்த்து, துருப் புள்ளி கண்ட இடத்தைத் தேய்த்துப் பூச வேண்டும். புயல் எச்சரிக்கை வரும்போது, கதவையும் பக்கங்களையும் இறுக மூடிவிட்டுக் காத்திருப்பதுதான் பலரும் செய்வது. எச்சரிக்கப்பட்ட வேகம் சட்டகத்தின் கணக்கைத் தாண்டுமென்று தெரிந்தால், வளைவுக் கம்பிகளை உருவிப் பொலித்தீனை இறக்கிவிட வேண்டும். இறக்குவதற்கு நேரமில்லையென்றால் காற்று எழுமுன்னரே அதை அறுத்துவிட வேண்டும். தாளில்லாத குழாய்களின் ஊடே காற்று போய்விடும், சட்டகம் நிற்கும். தாளை எப்படியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றத்தான் போகிறோம்.